எந்தத் தண்ணீரை நம்புவது?

அந்த இறால் செத்த அன்று என் மேசையில் மூன்று கருவிகள் இருந்தன. மூன்றும் மூன்று எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தன.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. கூடத்து மூலையில் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் மென்பவளம், ஒரு கிளீனர் இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இறால் அது. கையைத் தொட்டிக்குள் விட்டால் வந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். ஒருநாள் காலையில் பார்க்கிறேன், கல்லிடுக்கில் மல்லாந்து கிடக்கிறது. பவளங்கள் ஒரு வாரமாகவே சுருங்கித்தான் இருந்தன. வெளிச்சம் அதிகமோ, தீனி குறைவோ என்று நினைத்திருந்தேன். உப்பை நான் சந்தேகிக்கவில்லை. அதை அளந்து அளந்து சரிசெய்து வைத்திருந்தவனே நான்தானே?

சாதாரணக் கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கும். தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான எண் இந்த 35. ஆரம்பத்தில் பாக்கெட்டில் போட்டிருந்தபடி உப்புக் கலவையைக் கரைத்து ஊற்றினேன், ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ‘முறையாகச் செய்வோம்’ என்ற ஆசை வந்தது. பாரிமுனைப் பக்கம் பழைய ஆய்வகச் சாமான் விற்கும் ஒரு கடையில் நீளமான கண்ணாடி ஹைட்ரோமீட்டர் கிடைத்தது. மிதக்கவிட்டுப் பார்த்தால் 1.0235. கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கு 31 கிராம் சொச்சம். அடடா, உப்பு குறைகிறதே என்று ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக் கிலோ உப்புச் சேர்த்து 1.0265க்குக் கொண்டுவந்தேன். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

இறால் செத்ததும் நண்பன் தன் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்து வந்தான். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் 41. இன்னொருவரிடம் கடன் வாங்கிய மின்கடத்துதிறன் பேனா 36 என்றது. என் ஹைட்ரோமீட்டர் 35 என்றது. 35, 36, 41. மூன்றில் இரண்டு ஒத்துப்போகின்றன, மூன்றாவதுதான் பழுது என்று முடிவு கட்டினேன். யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது தவறு. பெரும்பான்மை வாக்கில் உப்பைத் தீர்மானிக்க முடியாது என்பதைக் கடலியல் கற்றுக்கொள்ளவே இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைப் படித்த பிறகுதான் என் தொட்டியில் என்ன நடந்தது என்றே எனக்குப் புரிந்தது.

*

முதலில் ஓர் எளிய கேள்வி. உப்பை அளக்க இவ்வளவு கருவி எதற்கு? தண்ணீரைக் காய்ச்சி வற்றவிட்டு, மிஞ்சியதை நிறுத்தால் போதாதா?

ராபர்ட் பாயில் 1670களிலேயே இதை யோசித்திருக்கிறார். கடலின் உப்புத்தன்மை பற்றி அவர் 1674இல் வெளியிட்ட நூலில், காய்ச்சி நிறுப்பதை விடத் தண்ணீரின் கனத்தைப் பார்ப்பதே நம்பகமானது என்ற முடிவுக்கு வருகிறார். காய்ச்சினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எடை வருகிறது. ஏன் என்பதை நம் சமையலறையே சொல்லும். ஐப்பசி மழையில் கல்லுப்பு ஜாடி கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சோடியம் குளோரைடு மட்டும் இருந்தால் அவ்வளவு கசியாது. கூடவே ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடுதான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. கடல்நீரை வற்றவைத்தாலும் இதே வில்லங்கம்தான். மெதுவாகக் காய்ச்சினால் ஈரம் முழுக்கப் போகாது. சூட்டை ஏற்றினால் மெக்னீசியம் குளோரைடு சிதைந்து, ஒரு பகுதி அமிலமாக ஆவியாகிவிடும். ஈரம் போய்விட்டது, உப்பு போகவில்லை என்று சொல்லக்கூடிய நடு இடம் கிடையாது.

ஆக, கடல்நீரில் உப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு நேர்வழியில் பதில் கிடைக்காது. இதுவரை வந்த எல்லாக் கருவிகளும் வேறு எதையோ அளக்கின்றன. கனத்தை, குளோரினை, மின்சாரத்தை, ஒளியை. அளந்துவிட்டு, ‘இவ்வளவு இருந்தால் உப்பு இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று ஊகிக்கின்றன. அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கதை.

*

கனத்தை அளப்பதுதான் ஆகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிரீனைச் சேர்ந்த சினீசியஸ் தன் ஆசிரியை ஹைப்பேஷியாவுக்கு அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். எனக்கு ஒரு கருவி செய்து அனுப்புங்கள் என்று கேட்டு அதன் வடிவத்தையும் விவரிக்கிறார்: புல்லாங்குழல் அளவுக்கு ஒரு குழாய், பக்கவாட்டில் வரிசையாகக் கோடுகள், நிமிர்ந்து நிற்க அடியில் ஓர் எடை. இன்று கடையில் விற்கும் ஹைட்ரோமீட்டருக்கும் இந்த விவரணைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்போது அவர் உடல்நலமின்றி இருந்தார். குடிக்கும் தண்ணீரின் கனத்தைப் பார்க்கத்தான் கேட்டிருப்பார் என்று பிற்காலத்தில் சிலர் ஊகித்தார்கள்.

எனக்கு இந்தக் கருவி சின்ன வயதிலேயே பழக்கம். என் பெரியப்பா தூத்துக்குடியில் உப்பளத்தில் மேற்பார்வை பார்த்தவர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். பாத்தித் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு, குழாயை உள்ளே விட்டு, குனிந்து பார்ப்பார். “இன்னும் ரெண்டு டிகிரி வரணும்லே” என்பார். அந்த டிகிரி, பிரெஞ்சு மருந்து தயாரிப்பாளர் அன்டுவான் போமே 1768இல் வகுத்த அளவு. நல்ல தண்ணீரில் குழாய் நிற்கும் இடம் 0. நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. நடுவில் சமமாகக் கோடு போட்டு, அதே இடைவெளியில் மேலும் நீட்டிக்கொண்டார்கள். கடல்நீர் அந்தக் கணக்கில் மூன்று, மூன்றரை. வெயிலில் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம் படியும். 25 வாக்கில் உப்பு விழ ஆரம்பிக்கும். 29, 30 தாண்டினால் மெக்னீசியம் சேர்ந்த கசப்புத் தண்ணீர், அதை வெளியேற்றிவிட வேண்டும். பாரிஸில் ஒருவர் மருந்துக் கரைசல்களோடு மல்லுக்கட்டிப் போட்ட கோடுகளை வைத்துத்தான் தூத்துக்குடியில் உப்பு வாரினார்கள்.

கடல் ஆராய்ச்சிக்கும் இதே குழாய்தான் முதலில் போனது. 1872 டிசம்பரில் புறப்பட்டு 1876 மே மாதம் திரும்பிய சேலஞ்சர் கப்பலில் வேதியியலாளராக இருந்தவர் ஜான் யங் புக்கானன். உலகம் சுற்றிய அந்தப் பயணத்தில் எடுத்த நீரின் ஒப்படர்த்தியை அவர் கண்ணாடி ஹைட்ரோமீட்டரால்தான் பார்த்தார். ஆடும் கப்பலில் மிதக்கும் குழாயின் கோட்டைப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அதை விடப் பெரிய கஷ்டம் வெப்பம். சூடான தண்ணீர் விரியும். விரிந்தால் கனம் குறையும். அதே உப்பு, அதே குழாய், வெயில் ஏறினால் வேறு எண். அதனால் ஹைட்ரோமீட்டரின் எண்ணோடு எந்த வெப்பநிலையில் என்பதும் சேர்ந்தே வர வேண்டும்.

என் குழாயின் உச்சியில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் அளவுக்கு, 60 டிகிரி ஃபாரன்ஹீட் என்று எழுதியிருந்தது. அதாவது பதினைந்தரை டிகிரி செல்சியஸ். என் தொட்டி 28 டிகிரி. இந்த வித்தியாசத்தில் மட்டும் குழாய் ஏறத்தாழ 0.003 குறைவாகக் காட்டும். உப்புக் கணக்கில் ஆயிரத்துக்கு நான்கு கிராம். ஆக, தொட்டி முதலில் 35இல் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அரைக் கிலோ உப்பைச் சேர்த்து அதை 39க்கு ஏற்றியது நான். குழாய் பொய் சொல்லவில்லை. அது சொன்ன முழு வாக்கியத்தில் நான் பாதியைத்தான் படித்தேன்.

இந்த நான்கு கிராம் எனக்குப் புரிய இறால் சாக வேண்டியிருந்தது. ஆனால் ரிஃப்ராக்டோமீட்டர் ஏன் 41 என்றது, பேனா ஏன் 36 என்றது? அதற்கு இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

*

1819இல் அலெக்சாண்டர் மார்செட் என்ற வேதியியலாளர் ஒரு கருத்தைச் சொன்னார். எந்தக் கடலில் எடுத்தாலும் தண்ணீரில் உள்ள சரக்குகள் ஒன்றே, அவற்றுக்கிடையிலான விகிதமும் ஒன்றே. உப்புக் கூடலாம், குறையலாம். ஆனால் சோடியத்துக்கு இவ்வளவு மெக்னீசியம், இவ்வளவு குளோரின் என்ற பங்கீடு மாறாது. கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த யோஹான் கியோர்க் ஃபோர்க்ஹாமர், கப்பல்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைப் பல வருஷங்கள் பகுத்துப் பார்த்து, 1865இல் இதைப் பெருமளவு உறுதிசெய்தார். பிறகு கிளாஸ்கோவில் வில்லியம் டிட்மார், சேலஞ்சர் கொண்டுவந்த 77 புட்டிகளைப் பகுத்து 1884இல் அறிக்கை வெளியிட்டார். ஆழத்தில் சுண்ணாம்பு ஒரு துளி கூடுதல். மற்றபடி மார்செட் சொன்னது சரி.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதலில் எனக்கு உறைக்கவில்லை. விகிதம் மாறாது என்றால், ஒரே ஒரு சரக்கை அளந்தால் போதும், மற்றது எல்லாம் கணக்கு. ஃபோர்க்ஹாமர் குளோரினை அளந்து 1.812ஆல் பெருக்கினார். வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் குளோரைடு வெள்ளை வெள்ளையாகப் படியும், எவ்வளவு விட்டோமோ அதிலிருந்து குளோரின். காய்ச்ச வேண்டாம். கோடு பார்க்க வேண்டாம். பெருங்கடல்கள் நன்றாகக் கலங்கிக் கிடப்பதால் நமக்குக் கிடைத்த சலுகை இது. நாம் தொட்டியில் கரைக்கும் உப்புக் கலவையும் இந்தச் சலுகையின் மேல்தான் நிற்கிறது. ‘அக்வேரியம்’ என்ற சொல்லை இன்றைய பொருளில் பரப்பிய ஃபிலிப் ஹென்றி காஸ், 1854லேயே கடல் எட்டாத ஊர்க்காரர்களுக்காகச் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறை கொடுத்தார்: சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. கடலின் பங்கீட்டைக் காகிதத்தில் எழுத முடிந்ததால்தான் கடலைக் கூடத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

ஆனால் ஒரு சிக்கல் மீதமிருந்தது. ஆளுக்கொரு ஆய்வகம், ஆளுக்கொரு வெள்ளி நைட்ரேட், ஆளுக்கொரு பெருக்கல் எண். ஸ்வீடன்காரர் 34.9 என்பதும் நார்வேக்காரர் 35 என்பதும் தண்ணீரின் வித்தியாசமா, கைவித்தியாசமா? அது வெறும் கல்வியாளர் சண்டை இல்லை. ஹெரிங் மீன் கூட்டங்கள் கரைக்கு வருவதும் போவதும் எந்த உப்புத்தன்மையுள்ள நீர் எங்கே நகர்கிறது என்பதோடு சேர்ந்தது என்று ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். மீன் வராவிட்டால் ஊர் பட்டினி. 1899இல் ஸ்டாக்ஹோமில் வட ஐரோப்பிய நாடுகள் கூடிப் பேசின. 1902இல் கோபன்ஹேகனில் கடலாய்வுக்கான பன்னாட்டு மன்றம் உருவானது. இடையில் உப்பு அளக்கும் முறையை ஒழுங்கு செய்யும் வேலை டென்மார்க்கின் மார்ட்டின் குனுட்சென் தலையில் விழுந்தது.

குனுட்செனின் குழு ஒன்பது தண்ணீர் மாதிரிகளை எடுத்தது. பால்டிக், வட கடல், அட்லாண்டிக், செங்கடல். அவற்றிலிருந்து ஒரு சமன்பாடு: குளோரினை 1.805ஆல் பெருக்கு, 0.030 கூட்டு. அந்த 0.030ஐப் பாருங்கள். குளோரினே இல்லாத தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு இருக்கும் என்கிறது சமன்பாடு. காரணம், பால்டிக் பாதி ஆற்றுநீர். ஆறுகள் கொண்டுவரும் சுண்ணாம்பில் குளோரின் கிடையாது. ஒரு மூலைக் கடலின் குணம் உலகக் கடல்களுக்கெல்லாம் பொதுவான சமன்பாட்டில் ஒட்டிக்கொண்டது. அறுபது வருஷத்துக்கு மேல் உலகமே அந்த 0.030ஐச் சுமந்தது.

ஆனாலும் குனுட்சென் செய்த இன்னொரு காரியம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. அவர் தண்ணீரையே ஊர் ஊராக அனுப்பினார். கடல்நீரை வடிகட்டி, அதன் குளோரின் அளவை மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்து, கண்ணாடிக் குழல்களில் அடைத்து, வாயை உருக்கி மூடி, மேலே அளவை எழுதி ஆய்வகங்களுக்கு அனுப்பினார். ‘கோபன்ஹேகன் தண்ணீர்’ என்றே அதற்குப் பெயர். இனி யாரும் தன் கருவியைத் தானே நம்ப வேண்டாம். குழலை உடை, முதலில் இந்தத் தண்ணீரை அள. எழுதியிருக்கும் எண் வருகிறதா? வராவிட்டால் எவ்வளவு தள்ளி வருகிறதோ அதைத் திருத்திக்கொள். பிறகு உன் கடலை அள. எந்தக் கடலில் எந்தக் கப்பல் அளந்தாலும், உண்மையில் அது அந்தக் குழலோடு தன் தண்ணீரை ஒப்பிட்டது, அவ்வளவுதான்.

அந்தக் குழலில் எழுதிய எண்ணை யார் சரிபார்ப்பது என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் கேட்டார்கள். அணுநிறைகளின் மதிப்பு ஆராய்ச்சியில் மாறிக்கொண்டே வந்தது. மாறும்போதெல்லாம் கடலின் உப்பும் காகிதத்தில் மாறியது. அதனால் யாகப்சென், குனுட்சென் இருவரும் ஒரு புது வரையறை கொடுத்தார்கள். 0.3285234 கிலோ கடல்நீரில் உள்ள குளோரின் வகையறாவை முழுக்கப் படியவைக்க எத்தனை கிராம் தூய வெள்ளி வேண்டுமோ, அதுவே குளோரின் அளவின் எண். அப்படியாகக் கடலைத் தூய வெள்ளியோடு கட்டிப்போட்டார்கள்.

*

மின்சாரம் வந்த கதைக்குப் பின்னால் டைட்டானிக் இருக்கிறது. 1912இல் அது மூழ்கியதும் வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளைக் கண்காணிக்க ஒரு ரோந்துப் பணி தொடங்கியது. பாறை எந்தப் பக்கம் மிதந்து வரும் என்று சொல்ல நீரோட்டம் தெரிய வேண்டும். நீரோட்டத்துக்கு அடர்த்தி, அடர்த்திக்கு உப்பும் வெப்பமும். ஆடும் கப்பலில் நின்று வெள்ளி நைட்ரேட் சொட்டவிட்டுக்கொண்டிருந்தால் பாறை வந்துவிடும். ரோந்துக் கப்பலில் உட்கார்ந்தே மின்கடத்துதிறனால் உப்பைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பற்றி வென்னர், ஸ்மித், சூல் மூவரும் 1930இல் எழுதினார்கள். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும், அதுதான் தத்துவம். ஆனால் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே கடத்துதிறன் நூற்றுக்கு இரண்டு கூடிவிடும். அதனால் கருவிக்குள்ளேயே வெப்பத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. 1961இல் ஆஸ்திரேலியாவில் பிரவுன், ஹேமன் இருவரும் எளிதில் கொண்டுபோகக்கூடிய கருவியை விவரித்த பிறகு மின்முறை ஆய்வகங்களில் வேகமாகப் பரவியது.

இங்கேதான் கோபன்ஹேகன் தண்ணீருக்கு ஒரு சோதனை வந்தது. அதில் எழுதியிருந்தது குளோரின் அளவு. கருவியோ மின்சாரத்தை அளக்கிறது. ஒரே குளோரின் அளவுள்ள இரண்டு தொகுதிக் குழல்களில் கடத்துதிறன் நூலிழை வேறுபட்டால் எதை நம்புவது? கடைசியில் 1978இல் புது அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். ஒரு கிலோ கரைசலில் 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கட்டும். 15 டிகிரியில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், அதே அளவு மின்சாரத்தைக் கடத்தும் கடல்நீரின் உப்புத்தன்மை 35. கவனியுங்கள், வெறும் 35. கிராம் இல்லை, அலகே இல்லை. அது ஒரு விகிதம் மட்டுமே. உலகத்தில் யார் வேண்டுமானாலும் தராசும் சுத்தமான பொட்டாசியம் குளோரைடும் வைத்துக்கொண்டு அந்தக் கரைசலைத் தயாரிக்கலாம். கிராம் கணக்கில் உண்மையான உப்பு எவ்வளவு என்பதற்கு, 2009இல் ஏற்கப்பட்ட புதிய சமன்பாடுகளில்தான் தனியாக வழி செய்தார்கள். அதன்படி அந்த 35 என்பது கிலோவுக்கு 35.16504 கிராம். நான் மனப்பாடம் செய்திருந்த எண் ஒரு சுருக்கெழுத்து மட்டுமே.

தரநீர் தயாரிக்கும் வேலை 1970களில் கோபன்ஹேகனிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. இன்றைக்கும் வட அட்லாண்டிக் தண்ணீரை எடுத்து, வடிகட்டி, 35க்குச் சரிசெய்து, தொகுதி எண் போட்டுப் புட்டியில் விற்கிறார்கள்.

*

இப்போது மேசைக்கு வருகிறேன்.

ரிஃப்ராக்டோமீட்டர் அளப்பது ஒளி வளையும் அளவை. எர்ன்ஸ்ட் ஆபே யேனா நகரில் இதை ஆய்வகக் கருவியாக வடித்து 1874இல் நூலாக எழுதினார். இன்று அது கைக்கு அடக்கமான குழாயாகிவிட்டது. இறால் பண்ணைகளில் எல்லோர் கையிலும் இருக்கும். நல்ல தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.333, கடல்நீருக்கு 1.339. இந்த 0.006க்குள்தான் அத்தனை கோடுகளும். ஆனால் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகளின் கோடுகள் கடல்நீருக்குப் போட்டவை அல்ல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்குப் போட்டவை. உப்பு என்றால் உப்புதானே என்று விட்டுவிட முடியாது. 35 உள்ள கடல்நீர் எவ்வளவு ஒளியை வளைக்குமோ, அவ்வளவு வளைக்க சோடியம் குளோரைடு ஆயிரத்துக்கு 36.5 கிராம் வேண்டும். அப்படிப்பட்ட கருவி, சரியான கடல்நீரை 36.5 என்று காட்டும். நல்ல தண்ணீரை விட்டு 0 காட்டுகிறதா என்று பார்ப்பதால் இந்தப் பிழை பிடிபடாது. 0இல் எல்லாமே ஒன்றுதான்.

இந்தக் கோளாறே தீர்வையும் கொடுத்துவிடுகிறது. 36.5 கிராம் உப்பு, 963.5 கிராம் சுத்தமான தண்ணீர். இரண்டையும் நிறுத்துக் கலந்தால் ரிஃப்ராக்டோமீட்டருக்கான 35 தயார். முதலில் பெரியப்பா வீட்டிலிருந்து வந்த கல்லுப்பை எடுத்தேன். கையில் பிசுபிசுத்தது. பாயில் ஞாபகம் வந்து திரும்ப ஜாடியில் போட்டேன். சுத்திகரித்த பொடியுப்பை வாணலியில் வறுத்து, ஆறவைத்து, நகைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் நிறுத்தேன். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கோடு 36க்கும் 37க்கும் நடுவில். எதிர்பார்த்தபடியே. திருகாணியைத் திருப்பி 35இல் நிறுத்தினேன். பிறகு தொட்டித் தண்ணீர்: 39.

மேசையில் தனியாக நின்ற கருவிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. ஒத்துப்போன இரண்டும் வெவ்வேறு காரணங்களுக்காகத் தவறி, தற்செயலாக ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன. பேனாவுக்கு 25 டிகிரியில் 53 மில்லிசீமன்ஸ் என்று போட்ட தரக்கரைசல் வாங்கிச் சரிசெய்ததும் அதுவும் 39க்கு வந்தது. வீட்டில் கலந்த உப்புக் கரைசல் பேனாவுக்குச் செல்லாது. ஒளிக்கு ஒத்துப்போகும் உப்பின் அளவு மின்சாரத்துக்கு ஒத்துப்போகாது. தினமும் இரண்டு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்து இரண்டு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு, ஆறு நாளில் 35க்கு இறக்கினேன். பவளம் மூன்றாவது வாரம் விரிந்தது. அந்த இடத்தில் வேறு இறால் இன்னும் வாங்கவில்லை.

எது வாங்கலாம் என்று புதிதாகத் தொட்டி வைக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள். மூன்றில் எதுவும் கெட்ட கருவி இல்லை என்கிறேன். கண்ணாடி ஹைட்ரோமீட்டர் உடையாதவரை மாறாது, ஆனால் அதன் வெப்பநிலையைப் படியுங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் வகையில் ஒரு காற்றுக்குமிழியோ உப்புப் படிவோ ஒட்டினாலே எண் ஓடிவிடும், கழுவித் தட்டிப் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் கடல்நீருக்கானதா என்று கேளுங்கள். பேனாவின் முனையைக் காயவிட்டு உப்பு ஏறவிடாதீர்கள். எதை வாங்கினாலும் கூடவே ஒரு புட்டி தரக்கரைசல் வாங்குங்கள், மாதம் ஒருமுறை அதில் பாருங்கள். கருவிக்கு இரண்டாயிரம் கொடுப்பவர்கள் புட்டிக்கு இருநூறு கொடுக்கத் தயங்குகிறார்கள். நானும் தயங்கியவன்தான்.

*

போன சித்திரையில் தூத்துக்குடி போனபோது ஒரு புட்டியில் தொட்டித் தண்ணீரை எடுத்துப் போனேன். பெரியப்பாவுக்கு இப்போது உப்பளத்தில் வேலை இல்லை, ஆனால் குழாய் இன்னும் அலமாரியில் இருக்கிறது. குவளையில் ஊற்றி மிதக்கவிட்டுப் பார்த்தார்.

“மூணரை. கடத்தண்ணிதானலே இது?”

“இல்ல பெரியப்பா, நான் கலந்தது.”

39 இருந்தபோது எடுத்துவைத்த புட்டியையும் கொடுத்தேன். அரை டிகிரி கூட என்றார். “அரை டிகிரிலாம் ஒரு கணக்கா? பாத்தில காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு இருக்கும்.” அந்த அரை டிகிரியில்தான் என் இறால் போனது என்றேன். குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்ப ஒனக்கு இது ஒதவாது” என்றார்.

நான் கோபன்ஹேகன் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். உலகத்துக்கே ஒரு புட்டித் தண்ணீர், அதில் போட்டுப் பார்த்துத்தான் எல்லோரும் கருவியைச் சரிபார்ப்பார்கள் என்று. அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“நாங்க மட்டும் என்ன செஞ்சோம்? வருசா வருசம் தை பொறந்து வேல ஆரம்பிக்கும்போது மொதல்ல நல்லதண்ணில போடுவோம். சைபர் நிக்கணும். அப்புறம் பாத்தில மொத உப்பு கண்ணுல படுதுல்லா, அப்ப போடுவோம். இருபத்தஞ்சு காட்டணும். காட்டலைன்னா குழாய மாத்திருவோம்.”

“உப்ப மாத்த முடியாதுல்லா” என்று சொல்லிவிட்டு, குழாயைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தார்.